தோற்ற காங்கிரஸ் 1952-இல் சென்னை ராஜ்யத்தை ஆண்டது எப்படி?

சென்னை சட்டமன்றத்தில் அப்போது 375 இடங்கள். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். 1952 ஜனவரியில் நடந்த தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அமைச்சர்களில் பக்தவத்சலம், கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ், மாதவ மேனன், சந்திரமௌலி என்று வரிசையாக மண்ணைக் கவ்வினார்கள். ஆனாலும் ஏப்ரல் 10-ஆம் தேதி பதவியேற்றது காங்கிரஸ் அமைச்சரவைதான். அதற்குத் தலைமை தாங்கிய ராஜாஜி அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை.

இந்தக் கதையை ராஜாஜியின் சாமர்த்தியமாக ஒரு சாரார் சொல்வார்கள், ஜனநாயக மோசடியாக இன்னொரு சாரார் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டு தரப்புமே ஆளுநர் மாளிகையில் நடந்ததை மட்டும் பார்க்கின்றன. வாக்குப்பெட்டியிலிருந்து ஏன் அப்படி ஒரு குழப்பமான முடிவு வந்தது என்பதை அன்றைய வரைபடத்தைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

இன்றைய தமிழ்நாட்டை மனதில் வைத்துக்கொண்டு 1952-ஐப் படித்தால் எதுவும் பிடிபடாது. அன்றைய சென்னை ராஜ்யம் வடக்கே ஸ்ரீகாகுளத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை நீண்டிருந்தது. கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் அதற்குள் இருந்தன. மக்கள்தொகை 5 கோடியே 70 லட்சம். ஒரே அவையில் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் பேசுகிறவர்கள் உட்கார வேண்டும். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அப்போது இதில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன.

காங்கிரசுக்குள்ளேயே ஒரு வேடிக்கை. 1920-லேயே அந்தக் கட்சி தன் கிளைகளை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டுவிட்டது. அதனால் இந்த ஒரே ராஜ்யத்துக்குள் தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், கர்நாடகம் என நான்கு மாகாணக் காங்கிரஸ் கமிட்டிகள் இயங்கின. ஆட்சி ஒன்று, ஆளும் கட்சி நான்கு என்றுகூடச் சொல்லலாம். முதலமைச்சர் யார் என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்தக் கமிட்டிகள் ஒன்றையொன்று சேர்த்துக்கொண்டும் கவிழ்த்துக்கொண்டும் பிழைத்தன. 1946-இல் 215 இடங்களில் 163-ஐ வென்ற கட்சி, அடுத்த ஆறு ஆண்டுகளில் மூன்று தலைமைகளைப் பார்த்தது. முதலில் டி. பிரகாசம், 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1949-இல் குமாரசாமி ராஜா. எதிர்க்கட்சி யாரையும் இறக்கவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே இறக்கினார்கள்.

இறக்கப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பிரகாசம் காங்கிரசை விட்டு வெளியேறி, ஆச்சார்ய கிருபளானி 1951-இல் தொடங்கிய கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிப் பக்கம் போனார். ஆந்திரக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் நீலம் சஞ்சீவ ரெட்டியிடம் தோற்ற என். ஜி. ரங்கா, கிருஷிகார் லோக் கட்சியைத் தொடங்கினார். இரண்டு பேருமே சுதந்திரப் போராட்டத்தில் பெயர் எடுத்தவர்கள், கிராமங்களில் செல்வாக்கு உள்ளவர்கள். ஆக, தேர்தலுக்கு முன்பே தெலுங்குப் பகுதியில் காங்கிரசின் பாதி வீடு காலி.

இதற்கு மேல் சோற்றுப் பிரச்சினை. போர்க்காலத்தில் வந்த ரேஷனும் உணவுக் கட்டுப்பாடும் அப்படியே தொடர்ந்தன. மழையும் பொய்த்தது. நகரத்தில் இருப்பவனுக்கு ரேஷன் அரிசி போதவில்லை. கிராமத்து விவசாயிக்கோ, அரசு விலையில் கட்டாயமாக நெல் அளக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம். நெசவாளர்கள் வேலையில்லாமல் தவித்தார்கள். சுதந்திரம் வந்து ஐந்தாண்டு ஆகவில்லை, அதற்குள் காங்கிரஸ் என்றால் ரேஷன் கடை, கொள்முதல் அதிகாரி, பெர்மிட் என்று மக்கள் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதர்ச் சட்டை மீது இருந்த மரியாதை அந்த வரிசையில் நின்றே கரைந்துபோனது.

இந்தக் கோபத்தைக் காட்ட முதல் தடவையாக எல்லோர் கையிலும் ஓட்டு இருந்தது. 1937, 1946 தேர்தல்களில் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஓட்டுரிமை கொடுத்தார்கள். அரசியலமைப்புச் சட்டம் 21 வயதான எல்லோருக்கும் அதைக் கொடுத்தது. பண்ணையாள், கூலி, நெசவாளி, அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பட்டியலுக்குள் வந்தார்கள். பழைய தேர்தல்களில் காங்கிரசை ஜெயிக்க வைத்த மிராசுதாரும் வக்கீலும் இப்போது சிறுபான்மை. 1946-இல் 163 இடம் கொடுத்த வாக்காளர் கூட்டமும் 1952-இல் 152 இடம் கொடுத்த கூட்டமும் ஒன்றே அல்ல. இரண்டையும் ஒப்பிட்டுச் செல்வாக்கு சரிந்தது என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். கட்சியைப் பார்த்தே இராத புதிய வாக்காளர்களில் பெரும்பகுதியை அது பிடிக்கவே இல்லை என்பது மீதிப் பாதி.

வாக்களித்த முறையும் இன்றைக்கு விநோதமாகத் தெரியும். சீட்டில் பெயரோ சின்னமோ இல்லை, முத்திரை குத்த வேண்டியதும் இல்லை. மறைப்புக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப்பெட்டி, அதன் மேல் அவருடைய சின்னம். இரட்டைக் காளை காங்கிரசுக்கு, கதிர் அரிவாள் கம்யூனிஸ்டுகளுக்கு, குடிசை பிரஜா கட்சிக்கு, ஆலமரம் சோஷலிஸ்டுகளுக்கு. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களை வைத்துத் தேர்தல் நடத்த சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் கண்ட வழி இது. வேட்பாளர் எண்ணிக்கை கூடினால் பெட்டிகளும் கூடும் என்பதுதான் தொல்லை.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். 375 இடங்கள் என்றாலும் தொகுதிகள் 309தான். 243 தொகுதிகளுக்கு ஒரு உறுப்பினர், 66 தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். அந்த 66-இல் 62 தொகுதிகளில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கும், 4 தொகுதிகளில் ஓர் இடம் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. தனித்தொகுதி என்று ஊரையே பிரிக்காமல், பொது வேட்பாளரும் தலித் வேட்பாளரும் ஜோடியாக நின்று ஒரே மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பத்தாண்டு ஓடிய பிறகு 1961-இல் இந்த முறையை எடுத்துவிட்டார்கள். ஒதுக்கீட்டைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தப் பழைய சோதனையை ஏனோ தொடுவதே இல்லை.

சரி, முடிவுக்கு வருவோம். காங்கிரஸ் 152. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 62. சுயேச்சைகளும் 62. பிரஜா கட்சி 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19, கிருஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்ட் 13, காமன்வீல் கட்சி 6, முஸ்லிம் லீக் 5, பார்வர்டு பிளாக்கின் மார்க்சிஸ்ட் பிரிவு 3, ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் 2, நீதிக்கட்சி 1. வாக்கு விகிதத்தில் காங்கிரசுக்குச் சுமார் 35 சதவீதம், கம்யூனிஸ்டுகளுக்கு 13 சதவீதம்.

மொத்தக் கணக்காகப் பார்த்தால் இது ஒரு சிதறல். பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள், தெளிவாகிவிடும். தமிழ் மாவட்டங்களின் 190 இடங்களில் காங்கிரசுக்கு 96, அதாவது மயிரிழைப் பெரும்பான்மை. ஆந்திரப் பகுதியின் 143-இல் 43. மலபாரின் 29-இல் வெறும் 4. பெயருக்கு ஒரே தேர்தல் என்றாலும் இவை தனித்தனித் தேர்தல்கள். ஒவ்வொரு இடத்திலும் வேறு காரணம், வேறு எதிரி.

ஆந்திரத்தில் தனி மாநிலக் கோரிக்கை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டையில் டில்லி தயங்கத் தயங்க, அங்கே காங்கிரஸ்காரரால் தலை நிமிர்ந்து ஓட்டுக் கேட்க முடியவில்லை. கிருஷ்ணா, குண்டூர், கோதாவரி டெல்டாவில் கம்யூனிஸ்டுகள் விசாலாந்திரம், அதாவது தெலுங்கு பேசும் எல்லாப் பகுதிகளும் சேர்ந்த ஒரே மாநிலம், என்ற கோஷத்தையும் நிலப் பிரச்சினையையும் ஒன்றாகக் கையில் எடுத்தார்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான சஞ்சீவ ரெட்டியே அனந்தப்பூரில் தன் மைத்துனரான கம்யூனிஸ்ட் தலைவர் டி. நாகி ரெட்டியிடம் தோற்றார். மலபாரில் கேளப்பன் போன்ற காந்தியவாதிகள் பிரஜா கட்சிக்குப் போய், கம்யூனிஸ்டுகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது.

தமிழ் மாவட்டங்களின் கதை வேறு. 1949-இல் சென்னை அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்திருந்தது. தலைவர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்குத் தொகுதியில் ஜெயித்தார். வண்ணாரப்பேட்டையில் ஜீவானந்தம் வென்றார். பெரியாரின் திராவிடர் கழகம் கம்யூனிஸ்ட் வேட்பாளர்களுக்கு ஊர் ஊராக ஆதரவு திரட்டியது. 1949-இல் பிறந்த தி.மு.க. தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களை மட்டும் ஆதரித்தது. முத்துராமலிங்கத் தேவர் அருப்புக்கோட்டையிலிருந்து மக்களவைக்கும் முதுகுளத்தூரிலிருந்து சட்டமன்றத்துக்கும் தேர்வாகி, சட்டமன்ற இடத்தை வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட நீண்டகாலத் தாக்கம் கொண்டது வட தமிழகத்தில் நடந்தது. வன்னியர்கள் காங்கிரஸ் தங்களுக்கு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி இரண்டு கட்சிகளாகக் களத்தில் இறங்கினார்கள். தென்னார்க்காடு, சேலம் பக்கம் எஸ். எஸ். ராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி. வடஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் எம். ஏ. மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி. இரண்டும் சேர்ந்து 25 இடங்கள். சாதிக் கட்சிகள் பிற்காலத்தில் முளைத்தவை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். வயதுவந்தோர் அனைவருக்கும் ஓட்டு வந்த முதல் தேர்தலிலேயே, எண்ணிக்கை பலம் உள்ள ஒரு சமூகம் அந்த எண்ணிக்கையை இடங்களாக மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. பிறகு அந்த 25 இடங்களை வைத்துப் பேரம் பேசவும் கற்றுக்கொண்டது.

காங்கிரஸ் அல்லாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவானது. கம்யூனிஸ்டுகளும் பிரஜா கட்சியும் அதன் தூண்கள். தொடக்கத்தில் வன்னியர் கட்சிகளும் அந்தப் பக்கமே இருந்தன. தங்களுக்கு 166 உறுப்பினர்கள் இருப்பதாக முன்னணி சொன்னது. 166 என்பதும் 188 இல்லை. ஆனால் 152-ஐவிட அதிகம்.

இந்த இடத்தில் ஆளுநர் என்ன செய்ய வேண்டும்? அரசியலமைப்பில் தேடினால் விடை கிடைக்காது. முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், அமைச்சரவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பானது. 164-ஆம் பிரிவு சொல்வது அவ்வளவுதான். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் யாரை முதலில் கூப்பிடுவது என்பதை எழுதவில்லை. பிரிட்டிஷ் மரபைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு சென்னையில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. ஒரிசா, திருவிதாங்கூர்-கொச்சி, பஞ்சாபின் பழைய சமஸ்தானங்கள் சேர்ந்த பெப்சு ஆகியவற்றிலும் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பெப்சுவில் சில நாட்களிலேயே காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்து, கியான் சிங் ராரேவாலா தலைமையில் காங்கிரஸ் அல்லாத அமைச்சரவை பதவியேற்றது. அதாவது, காங்கிரஸ் இல்லாத ஆட்சி அன்று நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றல்ல.

மார்ச் 1952-இல்தான் சென்னைக்கு ஆளுநராக வந்திருந்தார் ஸ்ரீபிரகாசா. முன்னணி தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டம், பொதுவான திட்டம் கிடையாது, தனிப்பெரும் கட்சி காங்கிரஸ்தான் என்பது அவர் எடுத்த நிலை. இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கிருபளானியின் காந்தியமும் கம்யூனிஸ்டுகளின் புரட்சியும் படையாச்சியாரின் சமூகக் கோரிக்கையும் ஒரு பட்ஜெட்டில் எப்படி அடங்கியிருக்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதே அளவுகோலைக் காங்கிரசுக்கு வைத்தால் என்ன ஆகும்? அதற்கும் 36 பேர் குறைவு. அவர்களும் தேர்தலுக்குப் பின் வரப்போகிறவர்கள்தான். ஒரு பக்கம் சேர்ந்தால் சந்தர்ப்பவாதம், இன்னொரு பக்கம் சேர்ந்தால் நிலையான ஆட்சி என்ற பாகுபாடு இங்கேதான் பிறந்தது. கம்யூனிஸ்டுகள் கைக்கு ஒரு பெரிய ராஜ்யம் போய்விடக் கூடாது என்ற கவலைதான் அடிப்படை என்பது என் கருத்து.

காங்கிரசுக்கு ஆளைத் தேடுவதே சிரமம். முதலமைச்சர் தோற்றுவிட்டார். கடைசியில் எல்லோரும் போய் நின்றது ராஜாஜியிடம். 73 வயது. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், மத்தியில் உள்துறையைப் பார்த்துவிட்டு 1951 கடைசியில் ஓய்வு என்று சொல்லிச் சென்னை திரும்பியவர். இடைத்தேர்தலில் நிற்க அவருக்கு இஷ்டமில்லை. சட்ட மேலவையில் இலக்கியம், கலை, அறிவியல், கூட்டுறவு, சமூகசேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களை ஆளுநர் நியமிக்கலாம் என்று 171-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வாசல் வழியாக அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். ராஜாஜி எழுத்தாளர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரிவை எழுதியவர்கள் முதலமைச்சரை உண்டாக்குவதற்காக எழுதவில்லை.

நேருவுக்கே இதில் முழு மனம் இல்லை. எப்படியாவது பதவியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்துகிறோம் என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிடக் கூடாது என்று ராஜாஜிக்கே எழுதினார். பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மனு தள்ளுபடியானது. ஆளுநரின் முடிவை நீதிமன்றம் துருவிப் பார்க்கும் காலம் அப்போது வரவில்லை. அதற்கு 1994-இல் எஸ். ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே தவிர ஆளுநர் மாளிகை அல்ல என்று உச்ச நீதிமன்றம் அப்போதுதான் அழுத்தமாகச் சொன்னது. யாரை எந்த வரிசையில் அழைப்பது என்று, மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் எழுதி வைத்தது 1988-இல். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல். 1952-இல் இவை எதுவும் கிடையாது.

தடை இல்லாத காலத்தில் 152 எப்படி வளர்ந்தது என்பதைப் பாருங்கள். மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரானார், காமன்வீல் கட்சியின் 6 பேர் வந்தார்கள். உழைப்பாளர் கட்சி அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தந்தது. அது 19. முஸ்லிம் லீகின் 5. இதுவரை கூட்டினால் 182, இன்னும் ஆறு பேர் பாக்கி. மிச்சத்தைச் சுயேச்சைகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தவர்களும் நிரப்பினார்கள். ஜூலை 3-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 200 பேர் ஆதரவு, 151 பேர் எதிர்ப்பு. கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று ராஜாஜி அந்த அவையிலேயே அறிவித்திருந்தார். 166 என்று சொன்ன முன்னணி மூன்று மாதத்தில் 151-க்கு இறங்கிவிட்டது.

தோற்றவர்கள் கேட்டதில் கொஞ்சத்தை ஜெயித்தவர்கள் உடனே செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதமே ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். நிறைய அதிகாரிகள் பயந்த முடிவு அது, ஆனால் மக்கள் வரவேற்றார்கள். ஆகஸ்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்ற முடியாத நிலை. மிராசுதார்கள் கொதித்தார்கள். கீழத்தஞ்சையில் செங்கொடி ஏறியிருக்காவிட்டால் ராஜாஜி இதைச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆனால் வரைபடத்தின் பிரச்சினை எந்த வாக்கெடுப்பாலும் தீரவில்லை. அக்டோபர் 19-ஆம் தேதி சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15-ஆம் தேதி இறந்தார். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. பெல்லாரியின் பெரும்பகுதி மைசூருக்குப் போனது. தெலுங்கு உறுப்பினர்கள் கர்நூலுக்கு மூட்டை கட்டினார்கள். 375 பேர் இருந்த சென்னை அவையில் 230 பேர்தான் மிச்சம்.

காங்கிரஸ் மிகவும் பலவீனமாக இருந்த பகுதி இப்படிப் பிரிந்து போனதில், மீதி அவையில் அதன் கை தானாகவே ஓங்கிவிட்டது. எதிர்க்கட்சிகளின் பலத்தில் பெரும்பங்கு கர்நூலுக்குப் போய்விட்டது. ராஜாஜிக்கு இனி கம்யூனிஸ்டுகளால் ஆபத்து இல்லை, சொந்தக் கட்சியால்தான் என்ற நிலை. குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்த 1953 பள்ளித் திட்டம் அதற்கு வழி செய்தது. 1954 ஏப்ரலில் அவர் விலக, காமராஜர் முதலமைச்சரானார். அப்போது மக்களவை உறுப்பினராக இருந்த காமராஜர் மேலவை வாசலைத் தேடவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துச் சட்டமன்றத்துக்கு வந்தார். அவருடைய அமைச்சரவையில் மாணிக்கவேல் நாயக்கரோடு, இரண்டு ஆண்டுகள் வெளியிலிருந்தே ஆதரவு கொடுத்த ராமசாமி படையாச்சியாரும் இருந்தார்.